நாய்க்குட்டியும் வாசற்படியும்

கிருஷ்ணகிரிக்குத் தென்கிழக்கே, பாரூர்ப் பெரிய ஏரிக்கு அண்மையில், ஞாயிறுதோறும் கூடும் பெருஞ்சந்தையால் பேர்பெற்று விளங்கும் போச்சம்பள்ளியையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களையும் (பட்டுச் சேலைக்குப் புகழ்பெற்ற தெலுங்கு நாட்டுப் போச்சம்பள்ளி வேறு, இது பாரமகால் என முன்னர் வழங்கிய இப்பகுதியின் போச்சம்பள்ளி) அரை நூற்றாண்டுக்கு முன் அறிந்திருந்த எவரும் ஒரு செய்தியைத் தயக்கமின்றி ஒப்புக்கொள்வர். அக்காலத்தில் நாய் இல்லாத குடியானவர் வீடு அரிது. புதிதாய் வந்த நாய்க்குட்டியைக் கண்ட இடத்தில் மலஜலம் கழிக்காதபடி பழக்குவது எப்படி என்று கவலைப்பட்ட குடியானவரோ அதனினும் அரியவர். குட்டி வந்தது, வளர்ந்தது, வாசலிலே கிடந்து வீட்டைக் காத்தது. அதன் சுத்தத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்தவுமில்லை, வீடு அசுத்தமாயிற்று என்று யாரும் முறையிடவுமில்லை.

இன்றோ அதே வட்டாரத்தில், தொழிற்பேட்டையை ஒட்டி எழுந்த புதிய வீடுகளில், குட்டி ஒன்று வந்த மறுநாளே, "வீடெல்லாம் அசிங்கம் பண்ணுது, எப்படிப் பழக்குறது?" என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. குட்டியின் சுபாவம் மாறிவிட்டதா என்றால், இல்லை. மாறியது வீடு, வீட்டின் தரை, வீட்டின் கதவு. நாய்க்குட்டியை வீட்டுக்குப் பழக்குதல் என்னும் இவ்வழக்கத்தின் சரித்திரத்தை இப்பகுதியில் தேடிப் புறப்படுகிறவன் உண்மையில் வாசற்படியின் சரித்திரத்தையே எழுத வேண்டியவனாகிறான் என்பது என் துணிபு.

நாய்க்கு இந்நாட்டில் பெருமை இல்லாமலில்லை. போச்சம்பள்ளியிலிருந்து ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை வழியாகச் செங்கத்துக்குச் செல்லும் பாதை, தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த நிலப்பகுதிக்கு நம்மைக் கொண்டுசேர்க்கிறது. இரா. நாகசாமி அவர்கள் காலத்தில் தொல்லியல் துறையினர் அங்கே ஊர் ஊராகத் திரிந்து படியெடுத்து, 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாக வெளியிட்ட கல்வெட்டுகளுள் எடுத்தனூர்க் கல் ஒன்று. மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைக் குறிக்கும் அக்கல், எருமைகளைக் காக்கும் பொருட்டுப் பொருது மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு நாட்டப்பட்டது. அவ்வீரனுக்குப் பின்னால் ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல் தெரிவிக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பேரரசர்கள் பலருடைய அமைச்சர் பெயரும் நமக்குத் தெரியாதிருக்க, ஒரு மாட்டுப்பட்டி நாயின் பெயர் நிலைத்துவிட்டதை நினைக்குந்தோறும் அக்கல்லை வெட்டுவித்த ஊராரிடம் எனக்குப் பெருமதிப்பு உண்டாகிறது.

எல்லைக்கு அப்பால் கன்னட நாட்டிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்து இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் உள்ள கல், சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த தக்கோலப் போரை ஒட்டி, கி.பி. 949-50-இல் பொறிக்கப்பட்டது. அப்போரில் ஆற்றிய பணிக்காக மணலேரன் என்னும் கங்க வீரன் வரமாகக் கேட்டுப் பெற்ற பொருள் பொன்னன்று, காளி என்னும் வேட்டை நாய். அந்த நாய் ஒரு பெரும் பன்றியோடு பொருது, இரண்டும் மாண்டன. நாய்க்குக் கல் நாட்டப்பட்டது. கல்லின் பூசைக்கு நிலமும் விடப்பட்டது.

இவ்விரு கற்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பட்டி, காடு, போர்க்களம் ஆகிய வெளிகளிலேதான் நாய் தன் கீர்த்தியைச் சம்பாதித்திருக்கிறது. வீட்டினுள் படுத்திருந்த நாய்க்கு யாரும் கல் நடவில்லை. ஏனெனில் வீட்டினுள் நாய் படுத்திருக்கவில்லை.

ஆசாரமும் அதற்குத் துணை நின்றது. இல்லறத்தான் நாள்தோறும் செய்யவேண்டிய ஐம்பெரும் வேள்விகளுள் பூத யக்ஞத்தின்போது நாய்க்கும் காக்கைக்கும் அன்னம் இடவேண்டும் என்று தர்ம சாஸ்திரங்கள் விதித்தன. ஆனால் அந்த அன்னம் வீட்டுக்கு வெளியே தரையில் இடப்பட வேண்டியது. உணவுக்கு உரிமையுண்டு, உள்ளே வர உரிமையில்லை என்ற இந்த ஏற்பாட்டின் கடுமையை மகாபாரதத்தின் தொடக்கத்திலேயே காணலாம். யுதிஷ்டிரரைப் பின்தொடர்ந்து சுவர்க்கத்தின் வாயில் வரை சென்ற நாயை எல்லோரும் அறிவர். அதே காவியத்தின் முகப்பில் வரும் நாய்க்குட்டியை நினைப்பவர் சிலரே. ஜனமேஜயனின் வேள்விச்சாலைக்குள் தற்செயலாய் நுழைந்த குட்டி ஒன்றை அரசனின் தம்பியர் அடித்து விரட்டுகின்றனர். அது அழுதுகொண்டு தன் தாய் சரமையிடம் ஓடி, தான் அவிப்பொருளை நக்கவுமில்லை, அதை ஏறிட்டுப் பார்க்கவுமில்லை என்று முறையிடுகிறது. தெய்வ நாயாகிய சரமை நேரே வேள்விச்சாலைக்கு வந்து, குற்றமற்ற என் மகனை ஏன் அடித்தீர்கள் என்று கேட்கிறாள். பதில் சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் எழவில்லை. எதிர்பாராத அச்சம் உங்களை வந்தடையும் என்று சபித்துவிட்டுப் போகிறாள். தூய்மை என்னும் பெயரால் அறியாக் குட்டியை அடிப்பது பாவம் என்ற எண்ணம் நம் மரபுக்குப் புதிதன்று. இதிகாசத்தின் முதல் பக்கங்களிலேயே அது இருக்கிறது.

பழைய குடியானவர் வீட்டுக்கு வருவோம். கூரை வீடோ, ஓட்டு வீடோ, இப்பகுதிக்கே உரிய கருங்கல் பலகைகளை நிறுத்தி எழுப்பிய வீடோ, எதுவாயினும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. உள்ளே சாணம் மெழுகிய தரை. அதற்கு முன்னே திண்ணை. அதற்கும் முன்னே விடியலில் சாணம் தெளித்துக் கோலமிடும் வாசல். வாசலைத் தாண்டி மாட்டுக் கட்டுத்தறி, வைக்கோற்போர், எருக்குழி. அதற்கப்பால் கேழ்வரகுக் கொல்லை. கதவு பகலெல்லாம் திறந்தே கிடந்தது. குட்டி அனேகமாக அடுத்த தெருவில் ஈன்ற நாயினுடையது. ஈனும்போதே சொல்லி வைத்து, கண் திறந்து ஓடியாடித் தானே சோறு தின்னத் தொடங்கிய பின்னர் எடுத்து வருவர். எடுக்கும்போது தோலைப் பிடித்துத் தூக்கி, கத்துகிறதா என்று சோதிப்பதும், கால் நகங்களை எண்ணிப் பார்த்து, பின்னங்காலில் மிகை நகம் உள்ள குட்டியைக் காவலுக்கு உயர்ந்ததாகக் கொள்வதும் பெரியவர்களின் வழக்கம்.

வந்த குட்டி, நரிக்கும் பெரிய நாய்களுக்கும் அஞ்சி, சில இரவுகள் கோழிகளைக் கவிழ்த்து வைக்கும் கூடைக்குள் ஒரு கோணிப்பையின்மேல் உறங்கும். விடியுமுன் கூடையை எடுத்துவிட்டால் நேரே எருக்குழிப் பக்கம் ஓடும். இதை யாரும் ஒரு போதனா முறையாகக் கருதியதில்லை. எனினும் மேல்நாட்டார் இன்று கம்பிக் கூண்டு வைத்துப் பழக்கும் முறைக்கு ஆதாரமான தத்துவம் இதுவே: தான் படுக்கும் இடத்தை நாய் இயன்றவரை அசுத்தம் செய்யாது.

அந்த வீட்டில் குட்டிக்குக் கற்பிக்கப்பட்ட ஒரே பாடம் படியைத் தாண்டக் கூடாது என்பது. அது மூக்கை உள்ளே நீட்டினால் அடுப்படியிலிருக்கும் அம்மாவும், திண்ணையில் வெற்றிலை இடிக்கும் பாட்டியும், பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையும், "ஏய், வெளிய போ!" என்று ஒரே குரலில் சொன்னார்கள். இன்று அனுமதி, நாளை விரட்டல் என்ற குழப்பம் அங்கில்லை. கூலிக்கு வரும் பயிற்சியாளர் இக்காலத்தில் குடும்பத்தார் எல்லோரையும் உட்காரவைத்து முதலில் வற்புறுத்தும் ஒருமித்த பழக்கம், அங்கே ஊர் வழக்கமாகவே இருந்தது. களியும் கூழும் மிஞ்சியதை வாசலில் இருந்த கல்தொட்டியில் ஊற்றினர். தின்ற குட்டி தின்ற கையோடு கொல்லைக்குப் போயிற்று. ஆடுகளை வயல் வயலாய்க் கிடை போட்டுத் திரிந்த குரும்பர்களின் நாய்களுக்கோ வாசற்படியும் கிடையாது, வானமே கூரை.

இனி, குட்டியின் சுபாவத்தைச் சற்றே விரித்துரைக்க வேண்டும். ஏனெனில் மேற்சொன்ன வழக்கம் முழுவதும் அதன்மேல்தான் நின்றது. பிறந்த நாய்க்குட்டிக்குத் தானாக மலஜலம் கழிக்கும் சக்தியே கிடையாது. தாய் அதன் வயிற்றடியை நாவால் தடவிக்கொடுத்தால்தான் கழியும். கழிந்ததையும் தாயே நக்கி உட்கொண்டுவிடுவதால் ஈற்றிடம் சுத்தமாயிருக்கிறது. ஏறத்தாழ மூன்று வாரம் இவ்வாறு செல்லும். பின் கண்ணும் காதும் திறந்து, தள்ளாடி நடக்கத் தொடங்கியதும், குட்டி தானே படுக்கையை விட்டு நாலடி விலகிப் போய்க் கழித்துவிட்டுத் திரும்புகிறது. அமெரிக்காவின் மேய்ன் மாகாணத்துப் பார் ஹார்பரில் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் வளர்த்து ஆராய்ந்த ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் 1965-இல் வெளியிட்ட நூலில், எட்டாம் வாரத்தை ஒட்டிக் குட்டிகள் இதற்கெனச் சில குறிப்பிட்ட இடங்களையே நாடத் தொடங்குவதை எடுத்துக்காட்டினர். அந்தப் பருவத்தில் காலடியில் எது இருந்ததோ, மண்ணோ புல்லோ சிமெண்டோ, அதையே பின்னரும் தேடும் இயல்பு குட்டிக்கு அமைந்துவிடுகிறது.

வைக்கோற்போரடியில் பிறந்து, புழுதியில் தாயின் பின்னே ஓடி, இரண்டு மாதப் பருவத்தில் அடுத்த வீட்டுக்கு வந்த நம் ஊர்க்குட்டிக்கு இந்தக் கல்வி முழுவதும் முடிந்திருந்தது. அதன் ஆசிரியை அதன் தாய். மனிதர் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் கதவை மூடாமல் இருப்பதுதான். அதை அவர்கள் வேறு காரணங்களுக்காகவே செய்துவந்தனர்.

வீட்டினுள் வாழும் நாய் இந்நிலப்பகுதிக்குள் அடியெடுத்து வைத்தது வெள்ளையரோடு எனலாம். 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு மாறியபின், அலெக்சாண்டர் ரீட் தலைமையில் தாமஸ் மன்றோ முதலிய இராணுவ அதிகாரிகள் இங்கே நிலம் அளந்து தீர்வை விதிக்க வந்தனர். 1824-இல் ஓசூரை அடுத்த மத்திகிரியில் படைக்குதிரைகளுக்காகப் பெரியதொரு பண்ணை நிறுவப்பட்டது. இன்றும் அது அரசாங்கக் கால்நடைப் பண்ணையாக இயங்குகிறது. பெங்களூர்த் தண்டு அருகிருந்ததால் ஓசூரின் குளிர்ந்த காற்றை நாடித் துரைமார் பலர் பங்களா கட்டிக் குடியேறினர். துரையின் பங்களாவில் நாய் சமுக்காளத்தின்மேல் படுத்தது, நாற்காலிக்கடியில் உறங்கியது. ஆகவே குட்டியை வீட்டுக்குப் பழக்கும் பிரச்சினை இப்பகுதியில் முதன்முதலாகப் பிறந்ததும் அந்தப் பங்களாக்களிலேதான்.

பிறந்த பிரச்சினையைத் தீர்த்தவர் யார்? துரையும் அல்லர், துரைசானியும் அல்லர். இந்தியாவெங்கும் பங்களாக்களில் நாய்க்கென்றே ஒரு பையன் அமர்த்தப்பட்டான். எட்வர்ட் ஹாமில்ட்டன் எய்ட்கென் 1889-இல் வெளியிட்ட, பங்களாப் பணியாட்களைப் பற்றிய நூலில் அந்த நாய்ப்பையனுக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. குட்டியைக் குளிப்பாட்டுவதும், உண்ணி பொறுக்குவதும், உணவு வைப்பதும், வேளை தவறாமல் வெளியே கொண்டுபோவதும், தவறி உள்ளே கழித்துவிட்டால் துடைப்பதும் அவன் பொறுப்பு. மற்ற வேலையாட்கள் தீட்டென்று கைவிட்ட அவ்வேலை பெரும்பாலும் தோட்டி வேலை செய்த குடும்பத்துப் பிள்ளைகள்மேலேயே விழுந்தது. துரைமாரின் வளர்ப்புக் குறிப்புகளிலே சமர்த்து என்று மெச்சப்பட்ட நாய்களுக்குப் பின்னால், சில அணா சம்பளத்துக்கு நள்ளிரவிலும் குட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடிய பெயர் தெரியாத சிறுவர்கள் இருக்கின்றனர். கோவிவனுக்குக் கல் கிடைத்தது. இச்சிறுவர்களுக்கு ஒரு வரி கிடைத்ததே அருமை. இந்த அநீதியை ஒதுக்கிவிட்டு இவ்வழக்கத்தின் சரித்திரத்தைச் சொல்வது முறையன்று என்று நான் கருதுகிறேன்.

நாய் வீட்டினுள் புகுந்த அதே காலத்தில், தெருவிலிருந்த நாய் பகையாயிற்று. லண்டனில் 1873-இல் கென்னல் கிளப் தோன்றி நாய்களின் வம்சாவளியைப் பதிவு செய்யத் தொடங்க, இந்தியாவிலும் 1896-இல் அதைப் போன்ற சங்கம் அமைந்தது. சென்னை மாநகராட்சியோ 1860 முதற்கொண்டே தெரு நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. நூற்றாண்டுக்கு மேல் நீடித்த அந்தக் கொலை, கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பின் இடைவிடாத முயற்சியால், கருத்தடை முறைக்கு இடங்கொடுத்து 1996-இல்தான் நின்றது. வெறிநாய்க்கடி பற்றிய அச்சம் காரணமற்றதன்று. அக்கடிக்கு மருந்து செய்யவே குன்னூரில் 1907-இல் பாஸ்டர் ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. ஆயினும் கழுத்துப்பட்டை உள்ளது வீட்டு நாய், இல்லாதது கொல்லத்தக்கது என்ற பிரிவினை, வாசலில் கட்டுக்கடங்கிச் சுதந்திரமாய் வாழ்ந்த பழைய ஊர்நாயின் நிலையை மெல்ல மெல்ல அழித்துவிட்டது. காப்பாற்ற விரும்பினால் கட்டு, உள்ளே வை என்றாயிற்று.

உள்ளே வைத்தபின் அடியும் வந்தது. தவறு செய்த இடத்துக்குக் குட்டியை இழுத்துச் சென்று அதன் மூக்கை அதிலேயே தேய்த்து இரண்டு வைக்கும் கொடிய வழக்கம் எங்கே பிறந்ததோ, உலகமெங்கும் பரவியிருக்கிறது. நம் நகரங்களிலும் நாய் வளர்ப்போர் சிலர் இதைச் சாஸ்திரம்போல் சொல்லக் கேட்கிறோம். ஜெர்மானியப் போலீஸ் அதிகாரி கான்ராட் மோஸ்ட் 1910-இல் எழுதிய பயிற்சி நூல், போர்க்கால நாய்களுக்கு வழிகாட்டியாகி, 1954-இல் ஆங்கிலத்திலும் வந்தது. கட்டாயத்துக்கு அதில் பெரிய இடமுண்டு. ஆனால் மனிதனின் நியாய அநியாயங்களை நாயின்மேல் ஏற்றிப் பார்க்கக் கூடாது என்று அவரே தெளிவாக எச்சரித்தார். செய்து கால் மணி நேரம் கழிந்த செயலுக்காக அடிபடும் குட்டி, செயலையும் அடியையும் தொடர்புபடுத்துவதில்லை. அடித்தவரைக் கண்டு அஞ்சக் கற்கிறது. அஞ்சியபின் கட்டிலுக்கடியிலும் கதவிடுக்கிலும் ஒளிந்து கழிக்கக் கற்கிறது. காதைத் தாழ்த்தி வாலை ஒடுக்கி நிற்பதைக் கண்டு, "பாரு, தப்பு பண்ணினது அதுக்கே தெரியுது" என்கிறோம். அது தெரிவிப்பது பயத்தை; குற்ற உணர்ச்சியை அன்று. பி. எஃப். ஸ்கின்னர் 1951-இல் 'சயண்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் பிராணிகளுக்குக் கற்பிக்கும் முறையைப் பொதுமக்களுக்கு விளக்கி எழுதியபோது, விரும்பிய செயல் நிகழ்ந்த அந்தக் கணத்திலேயே வெகுமதி சேரவேண்டும் என்பதையே அடிப்படையாக வைத்தார். வெளியே போய்க் கழித்த அக்கணமே ஒரு துண்டு ரொட்டியும் ஓர் அன்பான சொல்லும் கிடைக்குமானால் குட்டி மறுநாளும் அங்கேயே போகும்.

போச்சம்பள்ளியின் வாசல் மாறியது மிக அண்மைக் காலத்தில். 1971-இல் அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் தொடங்கப்பட்டு, ஓசூர் அதன் பெரிய பேட்டைகளுள் ஒன்றாகி, எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் மொபெட்டும் லாரியும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் அங்கே எழுந்தன. 2004-இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. பர்கூர், போச்சம்பள்ளிப் பகுதியிலும் பேட்டை விரிந்தது. 2020 டிசம்பரில் ஒப்பந்தமாகி, 2021-இல் ஏறத்தாழ ஐந்நூறு ஏக்கரில் ஓலா நிறுவனத்தின் மின்சார ஸ்கூட்டர் ஆலை எழுந்தபோது, போச்சம்பள்ளியின் பெயர் சந்தைக்கு வராதவர்களுக்கும் தெரியலாயிற்று. கொல்லைகள் மனைகளாயின. மாமரம் நின்ற இடங்களில் மாடி வீடுகள் வந்தன. தரையில் டைல்ஸ், முன்னே இரும்புக் கேட், திண்ணை இருந்த இடத்தில் வண்டி நிறுத்தும் இடம். பல மாவட்டங்களிலிருந்தும் வேலைக்கு வந்த இளம் தம்பதியர் முதல் மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து, ஊரை விட்டு வந்த தனிமை தீர ஒரு நாய்க்குட்டியை வாங்கி வளர்க்கின்றனர். அவர்கள்மேல் எனக்கு அனுதாபமே உண்டு. குட்டியின்மேல் அவர்களுக்குள்ள அன்பு பழைய குடியானவரின் அன்புக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆனால் எட்டு மணி நேர வேலை, போக வர ஒரு மணி, இடையே பூட்டிய கதவு. உள்ளே இரண்டு மாதக் குட்டி. அதன் சிறுநீர்ப்பை இரண்டு மூன்று மணிக்கு மேல் தாங்காது.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண் தரை சிறுநீரை உறிஞ்சியது. வெள்ளிக்கிழமை தோறும் மெழுகிய சாணம் வாடையையும் மூடியது. டைல்ஸ் எதையும் உறிஞ்சுவதில்லை. இடுக்குகளில் தேங்கும் வாடை, பினாயில் ஊற்றினால் நம் மூக்குக்கு மறைகிறது, குட்டியின் மூக்குக்கு மறைவதில்லை. அமோனியா கலந்த திரவங்களால் துடைத்தால் இன்னும் மோசம்; சிறுநீரிலேயே அவ்வாடை இருப்பதால் குட்டி அதே இடத்துக்கு மீண்டும் வருகிறது. சோப்பு நீரும் அதன்பின் சற்று வினிகரும் போதும் என்று கால்நடை மருத்துவர் சொல்வதைக் கேட்டால் பினாயில் செலவும் மிச்சம்.

இதற்கு மேல் ஒரு நோயும் குறுக்கே வந்தது. 1978-ஆம் ஆண்டு வரை உலகில் அறியப்படாதிருந்த நாய்ப் பார்வோ என்னும் வைரஸ், அவ்வாண்டில் பல நாடுகளில் ஒருசேரத் தோன்றி, சில ஆண்டுகளுக்குள் இந்தியாவையும் அடைந்தது. இரத்தக் கழிச்சலால் குட்டிகள் இரண்டொரு நாளில் மாண்டன. அந்தக் கிருமி மண்ணிலே மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். ஆதலால், நான்கு மாதத்தை ஒட்டித் தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியைத் தெருமண்ணில் விடாதீர்கள் என்று மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். மண்ணைத் தேடும் பழக்கம் உறுதிப்படும் பருவமும், மண்ணிலே விடக்கூடாத பருவமும் ஒன்றாகிவிட்டன. பழைய தினத்தந்தித் தாளைக் குளியலறை வாயிலில் பரப்பிக் குட்டியை அதில் விடும் வழக்கம் நம் வீடுகளில் வந்தது இவ்விக்கட்டினாலும்தான். தாளைவிட மேலான வழியொன்றை மாடி வீட்டார் சிலர் கண்டிருக்கின்றனர்: வேறு நாய்கள் ஏறாத மொட்டைமாடியில், அகலமான தட்டிலே சுத்தமான மண் நிரப்பி வைக்கின்றனர். குட்டி பிற்பாடு கீழே இறங்கும் நாளில் அதற்கு மண் புதிதாக இராது.

யாவற்றிலும் நான் முக்கியமாகக் கருதுவது குட்டி தாயைப் பிரியும் நாள். சிறு கூண்டுகளில் சினைக்கு வைத்து, முப்பது நாற்பது நாளில் குட்டிகளைப் பிரித்து விற்பவர்கள், கூண்டிலேயே படுத்துக் கூண்டிலேயே கழித்து வளர்ந்த குட்டியைத் தருகின்றனர். படுக்குமிடம் வேறு, கழிக்குமிடம் வேறு என்று தாய் கற்பிக்கும் பாடம் அதற்குக் கிடைக்கவேயில்லை. மத்திய அரசு 2017-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள், எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்று தடுத்தன. பார் ஹார்பரில் எழுதியதும், வைக்கோற்போரடியில் பாட்டிமார் அறிந்திருந்ததும், இப்போது சட்டமும் ஆகியிருக்கிறது. வாங்குகிறவர் குட்டியின் நிறத்தையும் காதையும் பார்க்குமுன் அதன் வயதையும், தாய் எங்கே எவ்வாறு இருக்கிறது என்பதையும் கேட்பாராயின், பின்னால் படும் பிரயாசையில் பாதி குறையும்.

மிச்சப் பாதிக்கு இவ்வட்டாரத்தில் ஆட்களின் உதவியே மருந்தாகி வருகிறது. ஷிப்டு வேலைக்குப் போகும் வீடுகளில், விடியற்காலைப் பேருந்தைப் பிடிப்பவர் குட்டியைத் தூக்கம் விட்டெழுந்தவுடன் மாடிக்குக் கொண்டுபோய்க் காத்திருந்து, கழித்தபின் சோறு வைத்து, மீண்டும் ஒருமுறை கொண்டுபோய்விட்டுப் புறப்படுகிறார். பத்து மணிக்கும் ஒரு மணிக்கும், சாவி வைத்திருக்கும் கீழ்வீட்டுப் பாட்டி வந்து கதவைத் திறக்கிறாள். இரவு ஷிப்டு முடித்து வருபவர் செருப்பைக் கழற்றுமுன் கதவைத் திறந்து குட்டியை அழைக்கிறார். இப்படி ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை கதவு திறக்கும் வீடுகளில், நாலைந்து மாதத்துக்குள் குட்டி தானே படியருகில் போய் நின்று குரல் கொடுக்கக் கற்றுக்கொள்கிறது.